மனக்கணக்கின் சமூக அடிப்படை: சாட்டியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எண்ணையும் எழுத்தையும் இணைத்துக் கூறுவது தமிழர் வழக்கு. எனினும் நமது கல்வி வரலாற்றை ஆராய்ந்தோர் எழுத்துக்குக் கொடுத்த இடத்தை எண்ணுக்குக் கொடுத்தாரல்லர். ஏடு தேடிய வரலாறும், பதிப்பு முயற்சிகளும், உரைமரபும் விரிவான ஆய்வுக்குட்பட்டுள்ளன. சாதாரண மக்கள் எவ்வாறு எண்ணக் கற்றனர், எதன்பொருட்டு எண்ணினர், எவர் போட்ட கணக்கை எவர் ஏற்கவேண்டியிருந்தது என்னும் வினாக்களோ இலக்கிய மாணவருக்குப் புறம்பானவை என்று ஒதுக்கப்பட்டன. எண்சுவடியும் ஒரு சுவடியே என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இவ்வினாக்களை இன்று எழுப்புவதற்குக் காரணமுண்டு. கணிகருவி முன்பு தனியொரு பொருளாக மேசையிலிருந்தது. இப்பொழுது கைபேசிக்குள் அடங்கி ஒவ்வொரு வீட்டினுள்ளும் புகுந்துவிட்டது. இந்நிலையில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை பெருக்கல் வாய்பாட்டை மனனஞ் செய்ய வேண்டுமா என்னும் விவாதம் ஆசிரியர் மத்தியிலும் பெற்றோர் மத்தியிலும் அடிக்கடி நிகழ்கின்றது. ஒரு சாரார், வாய்பாடு மறந்த தலைமுறை மூளை மழுங்கிய தலைமுறையென இரங்குவர். மறுசாரார், இயந்திரம் செய்யும் வேலையை மனிதமூளைக்குச் சுமத்துவது பழமைவாதமென்பர். இவ்விரு கூற்றுக்களும் மேலோட்டத்தில் முரண்பட்டவை போலத் தோன்றினும் அவற்றிடையே பொதுப்பண்பொன்று உண்டு. இரண்டும் கணக்கிடுந் திறனைத் தனிமனிதனின் மூளைக்குள் நிகழும் ஒன்றாகவே காண்கின்றன. கணக்கு இருவருக்கிடையே நிகழ்வது என்பதும், அவ்விருவரும் பெரும்பாலும் சமநிலையில் உள்ளவரல்லர் என்பதும் இரு சாராராலும் கவனிக்கப்படவில்லை.

இதனை விளக்குதற்கு யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள சாட்டியை எடுத்துக்கொள்கின்றோம். வேலணைத் தீவின் தென்கரையில் அமைந்த இவ்விடம் இன்று கடற்கரைக்காகப் பலராலும் அறியப்பட்டது. தீவக மக்களுக்கோ அது நன்னீர்க் கிணறுகளின் பெயராகும். மீன்பிடியும், சிறு பயிர்ச்செய்கையும், பனையும், தென்னிலங்கைக் கடைகளுக்குச் சென்ற வணிகமும், அண்மைக்காலங்களில் வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் தீவகத்தின் வாழ்வை நிருணயித்துள்ளன. இவற்றுள் எண்ணின்றி நடைபெறக்கூடியது ஒன்றேனும் இல்லை.

2

முதலில் மரபை நோக்குவோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் பயிலப்பட்ட கணித ஏடுகள் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று எனப் பலவாகும். பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் வரிசைப்படுத்திக் கூட்டக் கற்பித்தது. நெல்லிலக்கம் தானிய அளவைகளை அவ்வாறே கற்பித்தது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளைக் கொண்டது. குழிமாற்று நில அளவைக்கு வேண்டிய வர்க்கங்களைத் தந்தது. ஏடுகளின் பெயர்களே அவற்றின் சமூகத் தேவையைப் புலப்படுத்துகின்றன. பொன், நெல், நிலம் ஆகிய மூன்றையும் அளந்தோரின் தேவையிலிருந்தே அக்கல்வி எழுந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த செந்தில்பாபு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், எண்ணும் அளவையும் தென்னிந்தியச் சமூகத்தில் எவ்வாறு தொழிற்பட்டன என்பதை இக்கோணத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இம்மரபின் அறிவுச் செறிவை உணர்த்துதற்குப் பின்னங்களை நோக்கினாற் போதும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்பன ஒன்றை இரண்டிரண்டாகப் பகுத்துப் பெற்றவை. மாகாணி பதினாறில் ஒன்று. வீசம் என்பதும் அதுவே. மா, அரைமா, காணி என்பன இருபதை அடியாகக் கொண்டவை: மா இருபதில் ஒன்று, அரைமா நாற்பதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இவ்விரு வரிசைகளும் முந்திரியிற் சந்திக்கின்றன. முந்திரி 320இல் ஒன்று. பதினாறையும் இருபதையும் பெருக்கினால் 320 வருமாதலின், ஒரு மாவில் மாகாணிப் பங்கு ஒரு முந்திரி ஆகின்றது. நான்கு காணி ஒரு மா. ஐந்து காணி ஒரு மாகாணி. ஐந்து மா ஒரு கால். இவ்வுறவுகள் மனதிற் பதிந்த ஒருவன் தாளும் கோலுமின்றி நுண்ணிய பங்கீடுகளைச் செய்தான் என்பதில் வியப்பில்லை. இன்றைய மாணவர் பொதுப்பகுதி கண்டு கூட்டும் பின்னங்களை அவன் பெயர்களாகவே கூட்டினான்.

யாழ்ப்பாணத்து நில அளவையிலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். ஓர் ஏக்கர் 16 பரப்பாகும். எனவே ஒரு பரப்பு என்பது ஏக்கரில் ஒரு மாகாணி. ஏக்கர் 160 பேர்ச் ஆதலின் பரப்பு 10 பேர்ச் ஆகின்றது. இரண்டரை ஏக்கர் எத்தனை பரப்பு என்று வினவின், இரண்டுக்கு 32, அரைக்கு 8, ஆக 40 என்று முதியோர் உடனே விடை கூறுவர். இவ்விடையிற் பகுத்தலும் சேர்த்தலும் உண்டு. வெறும் மனனம் மாத்திரமன்று.

ஆயினும் மரபைப் போற்றுவதோடு நின்றுவிடின் நாம் வரலாற்றாசிரியராகமாட்டோம். திண்ணைப் பள்ளியின் மனனம் பிரம்பின் கீழ் நிகழ்ந்தது. சட்டாம்பிள்ளை ஒருவன் முன்னின்று கூற ஏனையோர் ஒருமித்துச் சொல்லும் முறை நினைவாற்றலை வளர்த்ததோடு கீழ்ப்படிவையும் வளர்த்தது. அத்திண்ணையில் ஏற அனுமதிக்கப்பட்டோர் யாவர் என்பதே முதன்மையான வினா. நிலத்தை உழுதவனும், நெல்லைக் குத்தியவளும், மரமேறியவனும் தாம் உற்பத்தி செய்தவற்றைப் பிறர் அளந்து கூறும் கணக்கின்படியே ஏற்றனர். அளக்கும் மரக்காலும் அளப்பவன் வாயிலிருந்த வாய்பாடும் ஒரே கையில் இருந்தன. கணிதம் அறிவாக இருந்த அதே வேளையில் அதிகாரமாகவும் இருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

3

காலனித்துவ ஆட்சி இந்நிலையை மாற்றியதா? ஒரு வகையில் மாற்றியது. மற்றொரு வகையிற் புதுவடிவில் நிலைநிறுத்தியது. சென்னையில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய அண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிகளிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதையும் கைக்கொண்டார். 1797இல் அதுபற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். மலிவான அம்முறை இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலைகளிற் பரவிற்று. மணலில் எழுதிப் பயின்ற நமது சிறுவரின் முறை, கைத்தொழிற் புரட்சிக்கால இங்கிலாந்தில் உழைப்பாளர் பிள்ளைகளைப் பழக்கும் முறையாக மாறிய இவ்வரலாறு சிந்தனைக்குரியது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1816 முதற் செயற்பட்டனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கப்பட்டது. மேனாட்டுக் கணிதமும் வானியலும் அங்கு உயர்நிலையிற் கற்பிக்கப்பட்டன. அப்பரம்பரையில் வந்த கறோல் விசுவநாதபிள்ளை வீசகணித நூலைத் தமிழில் ஆக்கினார். நவீன கணிதத்தைத் தமிழிற் சொல்லலாம் என்பதற்கு அஃது ஆரம்பச் சான்றுகளுள் ஒன்று. எனினும் இக்கல்வியின் நோக்கம் பெரும்பாலும் சமயப் பணியாளரையும் உத்தியோகத்தரையும் உருவாக்குவதாகவே அமைந்தது.

இக்காலத்திற் பிள்ளையின் கணக்குச் சுமை கூடியது என்பதும் குறிப்பிடத்தக்கது. இலங்கை நாணயம் 1872ஆம் ஆண்டிலேயே தசம முறைக்கு வந்துவிட்டது. ரூபா நூறு சதமாயிற்று. இந்தியா 1957 வரையும் பிரித்தானியா 1971 வரையும் காத்திருந்தன. ஆனால் பணம் பத்தின் அடியில் நடந்தபோது நிறை இறாத்தலிலும் அவுன்சிலும், நீளம் யாரிலும் அடியிலும், நிலம் பரப்பிலும் குழியிலும், நெல் கொத்திலும் நடந்தன. கடைச் சிற்றாளாகத் தென்னிலங்கைக்கு அனுப்பப்பட்ட தீவகச் சிறுவன் இவையனைத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் வல்லமையை வாணிகத்தின்போதே பெறவேண்டியவனானான். தீவக வணிகரின் கணக்குத் திறனைக் குலத்தின் இயல்பென்று கூறுவோர் இச்சூழலை நோக்குவதில்லை. தேவை பயிற்சியைத் தந்தது; பயிற்சி திறனாயிற்று.

பாடசாலைக் கதவு எல்லோருக்கும் ஒரே வேளையில் திறக்கவில்லை. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த சமாசனப் போராட்டம், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பிறரோடு ஒரே வாங்கில் அமரும் உரிமைக்கானதாகும். அவ்வுரிமைக்கெதிராகப் பாடசாலைகளுக்குத் தீயிடுமளவுக்கு எதிர்ப்பு எழுந்தமையை நோக்கும்போது, எழுத்தும் எண்ணும் எத்தகைய சமூகப் பெறுமதியுடையனவாய்க் கருதப்பட்டன என்பது தெளிவாகும். தரையில் இருத்தப்பட்ட பிள்ளை கற்றுவிட்டால் கணக்கைக் கேட்பான். 1945இல் நடைமுறைக்கு வந்த கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் பின்னர் 1972இல் வந்த பாடத்திட்டச் சீர்திருத்தமும் கணிதத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கின. இது முற்போக்கான மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வகுப்பறைக் கணிதம் மீன்கரையிலும் வயலிலும் நிகழும் கணக்கோடு உறவு கொண்டதா என்பது வேறு வினா.

4

இவ்வினாவுக்குப் பிறநாட்டு ஆய்வுகள் ஒளியூட்டுகின்றன. பிரேசில் நாட்டின் றெசீபே நகரத் தெருக்களிற் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றிக் கராயர் இருவரும் சிலீமனும் 1985இல் வெளியிட்ட ஆய்வு நன்கறியப்பட்டது. தெருவில் வாங்குவோரைப் போல் நின்று கேட்கப்பட்ட கணக்குகளில் அப்பிள்ளைகள் நூற்றுக்கு 98.2 வீதம் சரியாக விடை கூறினர். அவ்வெண்களையே பாடசாலைக் கணக்காக எழுதிக் கொடுத்தபோது சொற்கணக்குகளில் 73.7 வீதமும் வெறும் எண்கணக்குகளில் 36.8 வீதமுமே சரியாயின. ஒரு சிறுவனிடம் ஒன்று 35ஆகப் பத்துத் தேங்காய்க்கு விலை கேட்கப்பட்டது. அவன் மூன்றுக்கு 105 என்றும், இன்னும் மூன்றுக்கு 210 என்றும், மேலும் மூன்று சேர்த்து 315 என்றும், எஞ்சிய ஒன்றையும் கூட்டி 350 என்றும் விடை கண்டான். பத்தாற் பெருக்கப் பூச்சியம் சேர்க்கும் பாடசாலை விதி அவனுக்கு உதவவில்லை. பொருளுணர்ந்து சேர்க்கும் அவனது சொந்த முறை உதவிற்று.

2025இல் அபிசித் பானர்ஜி, எஸ்தர் டூப்ளோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலைசெய்யும் 1400க்கு மேற்பட்ட பிள்ளைகளை நோக்கியது. முடிவு ஏறக்குறைய அதுவே. சந்தைப் பிள்ளைகள் விற்பனைக் கணக்கை மனதாற் செய்தனர். பாடநூற் கணக்கில் இடறினர். பாடசாலைப் பிள்ளைகளோ பாடநூற் கணக்கில் மேம்பட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறினர். நாற்பதாண்டு இடைவெளியில் இரு கண்டங்களில் ஒரே பிளவு காணப்படுமாயின் அதனைப் பிள்ளைகளின் குறைபாடென்று கொள்ளமுடியாது. மூளையுழைப்பும் உடலுழைப்பும் பிரிக்கப்பட்ட சமூகத்தின் வடு அது.

இப்பிளவைக் கடக்கும் வழியைச் சோவியத் உளவியலறிஞர் விகோட்ஸ்கி தமது சிந்தனையும் பேச்சும் பற்றிய நூலில் (1934) சுட்டினார். அன்றாட அனுபவத்திற் பிறக்கும் கருத்துக்கள் கீழிருந்து மேல்நோக்கி வளர்கின்றன. கல்வியால் வரும் அறிவியற் கருத்துக்கள் மேலிருந்து அனுபவத்தை நோக்கி இறங்குகின்றன. இரண்டும் சந்திக்குமிடத்திலேயே உண்மையான அறிவு தோன்றும். தேங்காய் விற்ற சிறுவனிடம் முன்னது இருந்தது. பின்னதை அவனிடம் கொண்டுசேர்ப்பதே ஆசிரியரின் பணியாக வேண்டும்.

கணிகருவி இச்சந்திப்புக்குத் தடையா? 1982இல் பிரித்தானியாவில் வெளியான கொக்குறொவ்ற் அறிக்கை, கணிகருவியின் பயன்பாடு அடிப்படைக் கணிப்புத் திறனைக் கெடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லையென்றது. அதேவேளை மனக்கணக்கு வகுப்பறையிற் புறக்கணிக்கப்படலாகாதென்றும் வற்புறுத்தியது. இங்கிலாந்திலேயே 2014 முதல் ஆரம்பப் பாடசாலை இறுதித் தேர்வுகளிலிருந்து கணிகருவி நீக்கப்பட்டது. கருவியைக் கொடுப்பதோ பறிப்பதோ முடிவான விடையன்று என்பதே இவ்வரலாற்றின் படிப்பினை.

5

அவ்வாறாயின் கருவியின்றிப் பிள்ளை செய்யக்கூடியதாக இருக்கவேண்டியவை எவை? நான்கினை நாம் முதன்மையாகக் கருதுகின்றோம். பத்துக்குட்பட்ட கூட்டலும் பெருக்கலும் தயக்கமின்றி நினைவுக்கு வரல் ஒன்று. எண்ணை இடப்பெறுமானப்படி உடைத்துச் சேர்த்தல் இரண்டு. விடை எவ்வளவிற்கு அண்மையில் இருக்கவேண்டுமென முன்கூட்டியே மதிப்பிடல் மூன்று. கிடைத்த விடையை வேறொரு வழியாற் சரிபார்த்தல் நான்கு. முதலாவது ஏனைய மூன்றுக்கும் கருவி. அதுவே முடிவாகிவிடின் திண்ணைப் பள்ளியின் பிரம்புக்கே மீண்டவராவோம்.

சாட்டிக் கரையில் ஒருவர் கிலோ 850 ரூபாவாக 17 கிலோ மீன் விற்கிறார் என வைத்துக்கொள்வோம். பத்துக்கு 8,500; ஏழுக்கு 5,950; ஆக 14,450. மறுவழியாக இருபதுக்கு 17,000. அதில் மூன்றுக்குரிய 2,550ஐக் கழிக்க மீண்டும் 14,450. வாங்குவோர் கைபேசியில் 850ஐ 580 என்று தவறி அழுத்தினால் அது 9,860 என்று காட்டும். எண்ணூறுப்படி பார்த்தாலே 13,600க்குக் குறையக்கூடாது என்று மதிப்பிடத் தெரிந்தவர் அவ்விடத்திலேயே நிறுத்துவார். தெரியாதவர் கண்ணாடித் திரையில் ஒளிரும் எண்ணை உண்மையென்று ஏற்பார். அன்று மரக்காலுக்கு இருந்த அதிகாரம் இன்று திரைக்கு வந்துவிடும்.

இதனினும் பாரதூரமானது கடன். போர் 2009இல் முடிவுற்ற பின்னர் வடக்கின் கிராமங்களில் நுண்கடன் நிறுவனங்கள் பரவின. கடன்பட்டோருட் பெரும்பாலோர் பெண்கள். வட்டியைத் தொடக்கத் தொகைமீதே கணிக்கும் முறை அத்தகைய கடன்களிற் பரவலாகக் காணப்பட்டது. 60,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீத வட்டி, பன்னிரண்டு சம தவணை என்று கொள்வோம். வட்டி 14,400, மொத்தம் 74,400, மாதம் 6,200. கணிகருவி இவற்றைப் பிழையின்றிக் காட்டும். ஆனால் கடன்பட்டவர் கையில் 60,000 ரூபா ஆண்டு முழுவதும் இருந்ததா? மாதந்தோறும் முதலில் 5,000 திரும்பிச் செல்கின்றது. முதல் மாதம் 60, அடுத்து 55, இவ்வாறு இறுதி மாதம் 5 ஆயிரம். அறுபதையும் ஐந்தையும் சேர்க்க 65. ஐம்பத்தைந்தையும் பத்தையும் சேர்க்க 65. இவ்வாறு ஆறு சோடி 390. அதனைப் பன்னிரண்டாற் பிரிக்க 32½. அதாவது ஆண்டு முழுவதும் சராசரியாக அவர் கையிலிருந்தது 32,500 ரூபாவே. அதன் பத்திலொன்று 3,250, நான்கு மடங்கு 13,000, மீதி 1,400. நூறிலொன்று 325, நான்கு மடங்கு 1,300. எனவே வட்டி ஏறத்தாழ 44 வீதம். நுணுக்கமான கணிப்பு முறைகள் சிறிது வேறுபட்ட எண்ணைத் தரலாம். அவையும் 40ஐத் தாண்டும். இருபத்துநான்கு என்று கூறப்பட்டது நாற்பதுக்கு மேலென்று காட்டுவதற்குக் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலுமே போதுமாயிருந்தன. ஐந்தாம் வகுப்புக்கு அப்பாற்பட்டது இதில் எதுவுமில்லை. எதனைக் கேட்கவேண்டும் என்பதையே கருவி சொல்லித்தரவில்லை.

இறுதியாகச் சாட்டியின் நீரை நோக்குவோம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின்மீது மிதக்கும் ஒரு வில்லையாகத் தங்குவதாலேயே கடலோரத்திலும் நன்னீர் கிடைக்கின்றது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு பாரமானது. நமது முன்னோர் சொல்லிற் கூறின் அரைமாப் பாரம் கூடியது. இதனால் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் முறையே 1888இலும் 1901இலும் இவ்வுறவை விளக்கினர். தரையமைப்புக்கேற்ப அளவு மாறுபடும். ஆயினும் நியதி ஒன்றே. கணக்கை மறுபுறமாகப் படித்தால் அதன் கொடுமை புலப்படும். மிகைப்பட நீரிறைத்தலாலோ மணலை அள்ளுதலாலோ மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், காலப்போக்கிற் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும். அரையடி தாழ்ந்தால் 20 அடி. நாற்பதாம் வாய்பாடு தெரிந்த பிள்ளை தன் ஊரின் கிணற்றை அதனாற் காக்கலாம். எத்தனை பவுசர் தண்ணீர் நாள்தோறும் செல்கின்றதென்று எண்ணிப் பார்த்து வினவும் உரிமையும் அப்பிள்ளையுடையதாகும்.

6

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது யாது? மனக்கணக்கு பழம்பெருமையின் எச்சமுமன்று. இயந்திரத்துக்கு எதிரான பிடிவாதமுமன்று. பிறர் கூட்டிய தொகையை ஏற்குமுன் அதனைத் தானே சோதித்துப் பார்க்கும் ஆற்றல் அது. நிலமானிய சமூகத்தில் அவ்வாற்றல் அளப்பவரின் தனியுடைமையாயிருந்தது. இலவசக் கல்வி அதனைப் பொதுவாக்கும் வாய்ப்பைத் தந்தது. கருவியை மாத்திரம் கையிற் கொடுத்து, வினவுந் திறனைக் கொடாது விடின், அவ்வாய்ப்பு மீண்டும் சிலருக்கே உரித்தாகும். அச்சிலரின் பிள்ளைகள் தனியார் வகுப்புக்களில் மதிப்பீட்டையும் சரிபார்த்தலையும் கற்பர். மீன் விற்பவளின் பிள்ளை பொத்தானை அழுத்தக் கற்கும்.

ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் வாய்பாட்டைக் கைவிடவேண்டியதில்லை. அதனைப் பிரம்பிலிருந்து பிரித்துக் கரைக்கும் கிணற்றுக்கும் கடன்புத்தகத்துக்கும் கொண்டுசெல்லல் வேண்டும். கணிகருவியையும் ஒதுக்கவேண்டியதில்லை, பிள்ளை முதலில் மதிப்பிட்டுக் கூறி, பின் கருவியில் அழுத்தி, இரண்டும் வேறுபட்டால் எது பிழையென்று தேடட்டும். ஒரு காலத்தில் மணலில் விரலால் எண் எழுதிப் பழகிய மண் இது. அம்மணலில் தன் தாயின் கடனைக் கணக்கிட்டுக் காட்டும் பிள்ளை நமது வகுப்பறைகளிலிருந்து வெளிவரும்போதே எண்ணும் எழுத்தும் மக்களுடையன ஆயின என நாம் கூறமுடியும்.